வலைப்பதிவின் வடிவத்தைத் தீர்மானிப்பது எது: மென்பொருளா, தேடுபொறியா, பதிவரா?

தொடுகோடு எழுதியது:

வலைப்பதிவு என்றவுடன் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே உருவம்தான் நினைவுக்கு வருகிறது. புதிய இடுகை மேலே நிற்கும், பழையவை கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பும் தேதியும் இருக்கும். அடியில் பின்னூட்டப் பெட்டியும் ஓரத்தில் மாதவாரிக் காப்பகமும் இருக்கும். இது பதிவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்த உருவம் இல்லை. இரண்டு மூன்று மென்பொருள்கள் தம் தொடக்கப் பதிப்புகளில் செய்துவைத்த ஏற்பாடுகளை நாம் அப்படியே பெற்றுக்கொண்டு, பிறகு அவற்றையே வலைப்பதிவின் இலக்கணம் என்று நம்பத் தொடங்கினோம் என்பது என் கருத்து.

1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிளாக்கர் என்ற வலைப்பதிவு மென்பொருளில் எழுத ஒரு பெட்டி, வெளியிட ஒரு பொத்தான் என்ற அளவில்தான் எல்லாம் இருந்தன. தலைப்புக்கென்று தனி இடம் இல்லை. அதனால் அன்றைய இடுகைகள் பலவும் ஓர் இணைப்பும் அதைப் பற்றிய ஓரிரு வரிகளுமாகவே இருந்தன. 2000ஆம் ஆண்டில் அதில் ஒவ்வோர் இடுகைக்கும் நிலையான இணைப்பு வந்தது. 2001 அக்டோபரில் வெளிவந்த மூவபிள் டைப் என்ற மென்பொருள் தலைப்பு, வகை, பின்னூட்டம், இடுகைக்கென்று தனிப்பக்கம் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாகப் பதிவர் கையில் கொடுத்தது. தலைப்புப் பெட்டி காலியாக இருந்தால் அதை நிரப்பத் தோன்றும். தலைப்பை வைத்துவிட்டால் அதன் கீழே இரண்டு வரி மட்டும் எழுதி நிறுத்தக் கூச்சமாக இருக்கும். குறிப்பு கட்டுரையாக வளர்ந்ததற்கு எழுத்தாளர்களின் விருப்பத்தைவிட அந்தப் பெட்டிக்குக் கூடுதலான பங்கு உண்டு.

ஒரு முகவரி, ஒரு தலைப்பு, ஒரு பொருள் என்று அமைந்த தனிப்பக்கம்தான் தேடுபொறிக்கும் மிக உகந்த வடிவம். மென்பொருள் அமைத்த வடிவமும் தேடுபொறி விரும்பிய வடிவமும் பொருந்திக்கொண்ட அந்த இடத்திலிருந்துதான் இன்றைய வலைப்பதிவுப் பழக்கங்கள் பெரும்பாலும் கிளைத்தன என்று கருதுகிறேன். மறுப்பவர்களும் மேலும் சேர்க்க விரும்புபவர்களும் எழுத வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுருள் எழுதியது:

முக்கியமான பொருளைத் தொடங்கியிருக்கிறீர்கள். இன்னும் சில ஆண்டுகள் பின்னே போனால் உங்கள் வாதம் வலுப்பெறும். ஜஸ்டின் ஹால் 1994இலேயே தம் வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஜோர்ன் பார்கர் 1997 டிசம்பரில் தம் இணைப்புக் குறிப்புகளைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பக்கங்களைக் கையால் நிரலெழுதி அமைத்தார்கள். புதியதை மேலே வைத்தவர்களும் இருந்தார்கள், பொருள்வாரியாகப் பிரித்தவர்களும் இருந்தார்கள், ஒரே பக்கத்தை ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே இருந்தவர்களும் இருந்தார்கள். எந்த வரிசையைப் பின்பற்றுவது என்பது எழுதுபவருடைய முடிவாக இருந்தது.

மென்பொருள் வந்தபின் தலைகீழ்க் கால வரிசை ஒன்றே இயல்பமைவானது, அதாவது நாம் மாற்றாதவரை தானாக இருக்கும் ஏற்பாடானது. இதன் விளைவுகளில் எனக்கு மிகவும் கவலை தருவது திருத்தும் பழக்கம் அழிந்துபோனதுதான். கையால் அமைத்த தளத்தில் பழைய பக்கம் ஒன்றைச் செம்மைப்படுத்தினால் அது எப்போதும் இருக்கும் இடத்திலேயே, புதிய பக்கத்துக்குச் சமமான மதிப்போடு இருக்கும். கால வரிசையில் ஓடும் தளத்திலோ மூன்றாண்டுகளுக்கு முந்தைய இடுகையை எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் அது நாற்பதாம் பக்கத்தில்தான் கிடக்கும். புதிய இடுகைகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் ஓடையில் (feed) படிப்பவருக்கும் பெரும்பாலும் அது தெரியவராது. ஆகவே திருத்துவதற்குச் செலவிடும் உழைப்பை ஒரு புதிய இடுகைக்குச் செலவிடுவதே பயனுள்ளது என்று பதிவர் எளிதில் கற்றுக்கொள்கிறார். ஒரே பொருளைப் பற்றி அரைகுறையான ஏழு இடுகைகளும், அவற்றை ஒன்றாகக் கோத்த ஒரு நல்ல பக்கம்கூட இல்லாத நிலையும் அதனால்தான் பரவலாகக் காணப்படுகின்றன.

நீண்ட நாள்களாக எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்கும் இடுகைகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். முகப்பில் உள்ள தேதி பழையதாகிக்கொண்டே போவதால் வரும் குற்றவுணர்வு அது. நல்ல பக்கங்கள் ஐம்பது இருக்கும் தளத்தில் ஆறு மாதம் புதிதாக எதுவும் வராததில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முகப்பு அதைக் குறையாகக் காட்டிவிடுகிறது.

நிரல்மனை எழுதியது:

தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன். பதிவர்களுக்கிடையே இருந்த உரையாடல் எப்படி நலிந்தது என்பதை விளக்கத் தேடுபொறியின் வரலாறு மிகவும் தேவை.

1998இல் அறிமுகமான பேஜ்ரேங்க் முறை ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை அந்தப் பக்கத்தின் மதிப்புக்கான வாக்குகளாகக் கொண்டது. வலைப்பதிவர்கள் அடிக்கடி எழுதினார்கள், ஒருவருக்கொருவர் தாராளமாக இணைப்புக் கொடுத்தார்கள். இதனால் அவர்களுக்குத் தேடல் முடிவுகளில் எதிர்பாராத செல்வாக்குக் கிடைத்தது. 2001ஆம் ஆண்டிலேயே ஆடம் மேத்ஸ் என்பவர், பலர் ஒரே சொற்றொடரைக் கொண்டு ஒரே பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அந்தச் சொற்றொடருக்கான முடிவுகளில் அந்தப் பக்கத்தை மேலே கொண்டுவர முடியும் என்று செய்துகாட்டினார்.

இணைப்புக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தவுடன் எரிதக்காரர்கள் (வேண்டாத விளம்பர இணைப்புகளை ஒட்டுபவர்கள்) பின்னூட்டப் பெட்டிகளுக்குள் நுழைந்தார்கள். 2002இல் மூவபிள் டைப் கொண்டுவந்த டிராக்பேக் வசதி, ஒருவருடைய இடுகைக்கு மற்றொருவர் தம் தளத்திலேயே மறுமொழி எழுதி அதைப் பற்றி முதலாமவர் தளத்துக்குத் தானாக அறிவிக்கும் ஓர் அருமையான ஏற்பாடு. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் வழி அதில் இல்லாததால், சில ஆண்டுகளுக்குள் வந்து விழுபவற்றில் பெரும்பகுதி எரிதமாகிவிட்டது. பலரும் அதை மூடிவிட்டார்கள்.

2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்று தேடுபொறிகளும் ‘நோஃபாலோ’ என்ற குறியீட்டை ஏற்பதாக அறிவித்தன. அந்தக் குறியீடு உள்ள இணைப்பு வாக்காகக் கணக்கில் வராது. பிளாக்கர், வேர்ட்பிரஸ், லைவ்ஜர்னல் ஆகிய வலைப்பதிவுக் கருவிகளும் மூவபிள் டைப்பை உருவாக்கிய சிக்ஸ் அபார்ட் நிறுவனமும் பின்னூட்டங்களில் உள்ள இணைப்புகளுக்கு அதை இட முன்வந்தன. எரிதம் குறையவில்லை, ஏனெனில் தானியங்கி நிரலுக்குப் பயனற்ற இடத்தில் ஒட்டுவதற்கும் கூடுதல் செலவு கிடையாது. நேர்மையாகப் பின்னூட்டம் எழுதித் தம் தளத்தின் முகவரியையும் விட்டுச்சென்ற வாசகருடைய இணைப்பு மட்டும் மதிப்பிழந்தது. பதிவர்கள் பின்னூட்டங்களைப் பார்த்தபின் வெளியிடும் மட்டுறுத்தலையும், எழுதுபவர் மனிதர்தானா என்று அறியும் எழுத்துச் சோதனைகளையும் வைத்தார்கள், பிறகு பலர் பின்னூட்டப் பெட்டியையே மூடினார்கள். இவை எல்லாம், இணைப்புக்கு ஒரு தேடுபொறி வைத்த விலையிலிருந்து தொடங்கிய விளைவுகள்.

கடிகாரப்பொறி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் தேடுபொறியை இழப்பின் காரணமாக மட்டும் காட்டியிருக்கிறீர்கள். நான் அதை ஏற்கவில்லை.

பழைய கைக்கடிகாரங்களையும் சுவர்க் கடிகாரங்களையும் சீர்செய்வதைப் பற்றி நான் எழுதிவருகிறேன். எனக்குப் பதிவர் வட்டம் எதுவும் கிடையாது. நீங்கள் பெருமையாக நினைவுகூரும் அந்த இணைப்புப் பரிமாற்றக் காலத்தில், முன்பே பெயர் பெற்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் தம் பக்கப்பட்டையில் வைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்தவர் உள்ளே நுழைய அவர்களில் ஒருவர் மனம் வைக்க வேண்டியிருந்தது. தேடுபொறி அப்படிக் கேட்கவில்லை. குறிப்பிட்ட ஓர் இயந்திர வகையில் சுருள்வில் நழுவினால் என்ன செய்வது என்று யாரோ ஒருவர் நள்ளிரவில் தேடுகிறார், நான் எழுதிய பக்கம் அவருக்குக் கிடைக்கிறது. அவர் அடியில் கேள்வி எழுப்புகிறார், நான் விடை சொல்கிறேன், ஓராண்டு கழித்து வேறொருவர் அந்த விடையைத் திருத்துகிறார். என் வலைப்பதிவில் நடந்த உரையாடல் அனைத்தும் இப்படிப் பிறந்தவைதான். கால வரிசையில் புதைந்துபோன பக்கத்தைத் தோண்டி எடுத்துத் தேவையானவர் கையில் கொடுப்பதும் தேடுபொறிதான் என்பதை ஏட்டுச்சுருள் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

தொடுகோடு எழுதியது:

கடிகாரப்பொறி அவர்களின் எதிர்வாதம் நியாயமானது. தேடுபொறி பொருளறிவு உள்ளவருக்கு வாசகரைத் தந்தது என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த வாசகரைத் தந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து வரும் வாசகருக்கு நேற்று எழுதியது தெரியும். அவரிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம். தேடி வருபவர் நடுவில் நுழைகிறார், தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவரை முன்னிட்டு எழுதத் தொடங்கும்போது எழுத்தின் நடையே மாறுகிறது. ஒவ்வோர் இடுகையும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டியிருப்பதால் முன்னுரைகள் நீளுகின்றன. முன்பு சொன்னதைத் தொட்டுக்காட்டிச் செல்லும் குறிப்புகள் மறைகின்றன. தயக்கத்தோடு ஒரு கருத்தை முன்வைத்து அடுத்த வாரம் அதை மாற்றிக்கொள்ளும் உரிமை இல்லாமல் போகிறது.

2003 ஜூனில் ஆட்சென்ஸ் என்ற கூகுளின் விளம்பரத் திட்டம் வந்தபோது, தேடி வருபவர் ஒவ்வொருவருக்கும் பதிவரளவில் ஒரு பண மதிப்பும் உண்டானது. 2011 அக்டோபருக்கு முன்பு இந்த ஈர்ப்பு இன்னும் நேரடியாக இருந்தது என்பதை இன்று எழுத வருபவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். வாசகர் எந்தச் சொற்களைத் தேடி வந்தார் என்பது அப்போது பதிவரின் புள்ளிவிவரப் பக்கத்தில் அப்படியே தெரியும். அந்தப் பட்டியலைக் காலையில் பார்த்துவிட்டு, அதில் உள்ள கேள்விக்கு மாலையில் ஓர் இடுகை எழுதுவது பலருடைய வழக்கமாக இருந்தது. பதிவர் தம் மனத்தில் இருந்ததை எழுதுவதும், பட்டியலில் இருந்ததை எழுதுவதும் இரண்டு வேறு செயல்கள்; இரண்டாவது செயலைப் பெருந்தொழிலாக நடத்தியவர்கள்தான் கட்டுரைப் பண்ணைகளை அமைத்தார்கள். அந்தக் குப்பையை ஒதுக்குவதற்காக 2011 பிப்ரவரியில் கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கூகுள் கணக்கில் உள்நுழைந்த பயனர்களின் தேடற்சொற்கள் பதிவருக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டன, நாளடைவில் ஏறத்தாழ எல்லோருடையவையும் மறைந்தன. வாசகர் கேட்டதை அறியும் வழி போயிற்று. ஆனால் கேட்டதற்கு ஏற்ப எழுதும் பழக்கம் போகவில்லை, அது ஊகத்தின் அடிப்படையில் தொடர்ந்தது.

அந்த ஊகத்தை ஒழுங்குபடுத்தித் தரவே செருகுநிரல்கள் (மென்பொருளோடு இணைக்கும் துணை நிரல்கள்) வந்தன. யோஸ்ட் போன்ற செருகுநிரலை வேர்ட்பிரஸில் நிறுவினால், எழுதிக்கொண்டிருக்கும்போதே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகள் எரிகின்றன. முதன்மைச் சொற்றொடர் முதல் பத்தியில் இருக்கிறதா, துணைத்தலைப்பில் இருக்கிறதா, வாக்கியங்கள் நீளமாக இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. மென்பொருளும் தேடுபொறியும் இணைந்து எழுத்துமேசைக்கே வந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நீண்ட வாக்கியத்தில் சிந்திப்பவர் பலர், சிவப்பு விளக்கைப் பச்சையாக்குவதற்காகத் தம் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறார்கள். அந்த விளக்கு தேடுபொறியின் தீர்ப்பு இல்லை, செருகுநிரலை எழுதியவர்கள் வகுத்த விதி மட்டுமே என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

நிரல்மனை எழுதியது:

இலத்தீன் எழுத்தில் எழுதாதவர்களுக்கு இந்தப் பாதிப்பு இன்னும் ஒரு படி கூடுதலாக இருக்கிறது. தமிழில் எழுதும் நாம் அதை நேரில் அறிவோம். பிளாக்கரில் தமிழில் தலைப்பிட்டு வெளியிட்டால் முகவரியை உருவாக்கும்போது தமிழ் எழுத்துகள் கழிக்கப்பட்டு, ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரும் வேண்டுமானால் ஓர் எண்ணும் மட்டும் எஞ்சும். இதற்காகவே முதலில் ஆங்கிலத்தில் தலைப்பிட்டு வெளியிட்டு, முகவரி உறுதியானபின் தலைப்பைத் தமிழுக்கு மாற்றும் வழக்கம் பதிவர்களிடையே பரவியது. வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்துகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகி, முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று வரியுருக்களாக விரிவதால், ‘கி’ போன்ற இரு குறிகளால் ஆன ஓர் உயிர்மெய்க்கே பதினெட்டு இடங்கள் போய்விடும். முகவரியின் அந்தப் பகுதிக்கான எல்லை 200 வரியுருக்கள் என்பதால் நீண்ட தமிழ்த் தலைப்புகள் பாதியில் அறுபடுகின்றன. தலைப்பைச் சுருக்குவதா, ஆங்கிலத்துக்குப் போவதா என்று ஒரு தரவுத்தள அட்டவணையின் நெடுவரிசை அகலம் எழுத்தாளரைக் கேட்கிறது.

கிளைமொழி எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். தேடுபொறியை ஒதுக்கிவைத்துவிட்டு மென்பொருள் மட்டும் என்ன செய்யும் என்று பார்க்க விரும்பினால், அதற்கு வரலாற்றிலேயே ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் லைவ்ஜர்னலைத் தொடங்கியதும் 1999இல்தான், பிளாக்கர் வந்த அதே ஆண்டு. ஆனால் அதில் நண்பர் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு குறிப்பையும் யார் படிக்கலாம் என்று தனித்தனியே வரையறுக்க முடிந்தது. பின்னூட்டங்கள் யாருக்கு யார் மறுமொழி என்பது தெரியும்படி கிளைத்து நின்றன. நண்பர்களுக்கு மட்டும் எனப் பூட்டிய குறிப்பைத் தேடுபொறியால் எட்டவே முடியாது. அங்கு வளர்ந்த எழுத்து நெருக்கமானதாக, ஒரு குறிப்புக்கு நூறு மறுமொழிகள் வந்தாலும் வியப்பில்லாததாக இருந்தது. மனநிலையைக் குறிக்க ஒரு பெட்டியை வைத்ததால் மனநிலையைப் பற்றி எழுதுவது அங்கு இயல்பாயிற்று.

2007இல் தொடங்கிய டம்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளத்தையும் பாருங்கள். மறுபதிவு என்ற ஒரு பொத்தான் மையமானதால், ஒருவருடைய இடுகைக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அதை எடுத்துத் தம் பக்கத்தில் வைத்து அதன் கீழே எழுத வேண்டும் என்ற முறை உருவானது. கருத்துகள் சங்கிலியாக நீண்டன. மூலத்தை எழுதியவரின் கட்டுப்பாடு குறைந்தது. நகைப்பும் படங்களும் செழித்தன. மனிதர்கள் அடிப்படையில் ஒரே வகையினர்தான், பொத்தான்கள்தான் வேறு. ஆகவே தொடுகோடு அவர்கள் இரண்டையும் சம அளவில் வைத்திருந்தாலும், என் பார்வையில் மென்பொருளின் கை ஒரு படி மேலே இருக்கிறது. தேடுபொறி எவற்றைப் பார்க்கலாம் என்பதையே முதலில் மென்பொருள்தான் முடிவு செய்கிறது.

ஏட்டுச்சுருள் எழுதியது:

கடிகாரப்பொறி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். புதைந்த பக்கத்தைத் தேடுபொறி மீட்டது உண்மைதான். ஆயினும் மீட்ட அதே கையே பிற்காலத்தில் பழையவற்றின் மீது ஐயத்தையும் விதைத்தது. புதிய செய்திகளுக்கு முன்னுரிமை தரும் மாற்றத்தை 2011 நவம்பரில் கூகுள் அறிவித்தபின், இடுகையிலிருந்து தேதியை நீக்குவதும், ஒரு சொல்லை மாற்றிவிட்டு இன்றைய தேதியை இடுவதும் அறிவுரைகளாகவே வலம் வந்தன. எப்போது எழுதியது என்று தெரியாத பக்கம் வாசகரை ஏமாற்றும் பக்கம். மருத்துவம், சட்டம், மென்பொருள் என எதைப் பற்றியதாக இருந்தாலும் காலம் தெரியாவிட்டால் அதை எடைபோடவே முடியாது.

இதைவிடக் கொடியது பழைய இடுகைகளை அழிக்கும் பழக்கம். வருகை குறைந்த பக்கங்கள் தளத்தின் மதிப்பைக் கீழே இழுக்கும் என்ற நம்பிக்கையில் பதிவர்கள் தம் தொடக்கக் கால எழுத்தையே நீக்கினார்கள். 2023 ஆகஸ்டில் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இந்தக் காரணத்துக்காக ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கியது செய்தியாக வந்தது. பழையது என்பதற்காகவே எதையும் நீக்குவது பயன் தராது என்று அப்போது கூகுள் தரப்பிலிருந்தே சொன்னார்கள். ஒருவர் இருபது வயதில் எப்படிச் சிந்தித்தார் என்பதைக் காட்டும் பக்கங்கள், தேடுபொறி கேட்கவே செய்யாத ஒரு பலியாகப் போய்விட்டன.

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஓடை வழியாகத் தொடர்ந்து படிக்கும் வாசகரைத் திரட்டி வைத்திருந்த பெரிய இடம் அது. மாற்றுச் செயலிகள் இருந்தும் எல்லோரும் அவற்றுக்குப் போகவில்லை. தொடர் வாசகர் குறையக் குறைய, தேடி வருபவருக்காக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணம் பலருக்கு வந்தது.

கடிகாரப்பொறி எழுதியது:

தேடி வருபவரும் இப்போது குறைந்துவருகிறார் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். 2014 முதல் கூகுள் தேடல் முடிவுகளின் உச்சியில் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு பத்தியை விடையாகக் காட்டத் தொடங்கியது. 2024 மே மாதம் முதல் செயற்கை நுண்ணறிவு தொகுத்த சுருக்கமும் வருகிறது. சுருள்வில்லைப் பற்றிய விடை அங்கேயே கிடைத்துவிட்டால் கேட்டவர் என் பக்கம் வர வேண்டியதில்லை. அவர் வராவிட்டால் கேள்வியும் வராது, ஓராண்டு கழித்து வரவேண்டிய திருத்தமும் வராது. எனக்கு வருகை எண்ணிக்கையைப் பற்றிய கவலையைவிட அந்தத் திருத்தத்தைப் பற்றிய கவலைதான் பெரிது. தவறான ஒரு வழிமுறை என் பக்கத்தில் இருந்தால் இனி அதை எனக்கு யார் சொல்வார்கள்?

தொடுகோடு எழுதியது:

இந்தக் கேள்வி என்னை மிகவும் பாதித்தது. உங்களைப் போன்றவர்கள் தேடுபொறியை நம்பி எழுதியது தவறில்லை. அது தந்த வாக்குறுதியின் மறுபாதி, அதாவது வாசகரைப் பக்கம்வரை அழைத்துவருவது, இப்போது தளர்ந்திருக்கிறது.

நம் கையில் இருப்பவை எவை என்று பார்த்தால், இயல்பமைவுகள்தான் முதலில் வருகின்றன. ஓடையில் முழு இடுகையையும் தரலாம். நாம் படிக்கும் பிறருடைய தளங்களைப் பக்கப்பட்டையில் மீண்டும் வைக்கலாம். எழுதிய தேதி, கடைசியாகத் திருத்திய தேதி ஆகிய இரண்டையும் காட்டலாம். டிராக்பேக்கின் குறையை ஓரளவு சரிசெய்து, இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று சோதித்தபின் ஏற்கும் வெப்மென்ஷன் என்ற முறையை 2017 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்டிருக்கிறது. என் தளத்தின் முகப்பில் தேதி வரிசையை எடுத்துவிட்டுப் பொருள்வாரியான பட்டியல் ஒன்றை வைக்க விரும்புகிறேன். வேர்ட்பிரஸில் இதைச் செய்தால் ஓடை கெட்டுவிடுமா என்பதை நிரல்மனை அவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

நிரல்மனை எழுதியது:

ஓடைக்கு எதுவும் ஆகாது. அமைப்புகளில் ‘வாசிப்பு’ என்ற பகுதிக்குச் சென்று, முகப்பாக ஒரு நிலையான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்; இடுகைகளின் வரிசைக்கு வேறொரு பக்கத்தை ஒதுக்குங்கள். ஓடை வழக்கம்போல் தேதி வரிசையில் போய்க்கொண்டிருக்கும். முழு இடுகையா, சுருக்கமா என்பதும் அதே பகுதியில்தான் இருக்கிறது. பட்டியலைக் கையாலேயே எழுதுங்கள். வகைகளைக் கொண்டு தானாக உருவாக்கினால் ஒவ்வொரு வகைக்குள்ளும் மீண்டும் தேதி வரிசையே வந்து நிற்கும். வெப்மென்ஷனுக்குச் செருகுநிரல் உண்டு, ஆனால் அதை நிறுவியபின் வரும் அறிவிப்புகளை மட்டுறுத்தலில் வையுங்கள். இணைப்பைச் சோதிப்பது எரிதத்தைக் குறைக்குமே தவிர முற்றிலும் தடுக்காது. கடிகாரப்பொறி அவர்களுக்கு ஒன்று: திருத்தங்களை அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொரு வழிமுறைப் பக்கத்தின் தொடக்கத்திலும் வைத்துப் பாருங்கள். பின்னூட்டப் பெட்டி வரை உருட்டிச் செல்லாதவர்களும் அதைக் காண்பார்கள்.